முதல் வண்டியாகத் திறன்மிகு ஸ்போர்ட்ஸ் பைக்: உரிமம் தடுக்கவில்லை, உடல் தாங்குமா?

பதினெட்டு வயது நிறைவடைந்த ஓர் இளைஞர் நூறு சிசி பைக்கில் எட்டு போட்டுக் காட்டி, கியர் உள்ள இருசக்கர வாகனத்திற்கான ஓட்டுநர் உரிமத்தைப் பெறுகிறார். அதே உரிமத்தைக் கொண்டு மறுநாளே அவர் ஆயிரம் சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கையும் சாலையில் ஓட்டலாம். சட்டத்தில் அதற்குத் தடை ஏதுமில்லை. முதல் வண்டி சுமார் 8 குதிரைத்திறன் உடையது. இரண்டாவது வண்டி 200 குதிரைத்திறனை நெருங்குவது. இவ்விரண்டிற்கும் ஒரே உரிமம் போதும் என்ற நிலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பிள்ளை கேட்கும் பைக்கை வாங்கித் தரலாமா என்பது பெற்றோரின் கேள்வி. விபத்திலிருந்து மீண்டவர் மறுபடியும் அதே வகைப் பைக்கை ஓட்டலாமா என்பது அவரைப் பராமரிப்பவரின் கேள்வி. முதற்கேள்விக்கு விடை தெளிவானது: ஓட்டப் பழகும் ஒருவருக்குத் திறன்மிகு ஸ்போர்ட்ஸ் பைக் ஏற்றதன்று. புதிதாக ஓட்டும் எவரும், எவ்வளவு பொறுப்புள்ளவராயினும், சில சிறு பிழைகளைச் செய்தே தீருவர். அப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி அவ்வகை வண்டிகள் வடிவமைக்கப்படவில்லை. இரண்டாம் கேள்விக்கான விடை காயத்தைப் பொறுத்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

வரியில் ஒரு கோடு உண்டு, உரிமத்தில் இல்லை

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு என்றானது. விலை குறைந்ததும் வீடுகளில் பைக் பற்றிய பேச்சு எழுவது இயல்பு. 350 சிசிக்குள் இருந்தால் ஆபத்தில்லாத வண்டி என்ற எண்ணமும் உடன் எழக்கூடும். அது சரியன்று. அக்கோடு வரிக்காக வகுக்கப்பட்டதேயன்றிப் பாதுகாப்புக்காக வகுக்கப்பட்டதன்று.

சிசி என்பது என்ஜின் உருளையின் கொள்ளளவு, திறனின் அளவன்று. நிமிர்ந்து அமர்ந்து நிதானமாக ஓட்டுவதற்கென அமைந்த 349 சிசி வண்டியொன்று ஏறத்தாழ 20 குதிரைத்திறன் தருகிறது. 321 சிசி மட்டுமே கொண்ட இரட்டை உருளை ஸ்போர்ட்ஸ் பைக் ஏறத்தாழ 42 குதிரைத்திறன் தருகிறது. அதன் எடையும் முன்னதைவிடக் குறைவு. சிசியை மட்டும் கேட்டு வாங்கும் தந்தை, தாம் எதை வாங்குகிறோம் என்பதை அறியாமலே வாங்குகிறார். குதிரைத்திறன் எவ்வளவு, எடை எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிற நாடுகள் சில இதனை உரிமத்திலேயே படிப்படியாக அமைத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 125 சிசி, 11 கிலோவாட்டுக்கு உட்பட்டவை முதற்படி. 35 கிலோவாட் வரை இரண்டாம் படி. அதற்கு மேல் மூன்றாம் படி. இரண்டாம் படியில் இரண்டு ஆண்டுகள் ஓட்டிய பின்னரே ஒருவர் 20 வயதில் மூன்றாம் படிக்குச் செல்லலாம். நேரடியாகச் செல்வதாயின் பொதுவாக 24 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கே படி வகுக்கப்படுவது சிசியை மட்டும் வைத்தன்று; திறனையும், எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தையும் கணக்கில் கொள்கின்றனர். சிங்கப்பூரில் 200 சிசி வரை, 400 சிசி வரை, அதற்கு மேல் என மூன்று வகுப்புகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஓராண்டு இருந்தாக வேண்டும். நம் நாட்டில் 16 வயதில் 50 சிசிக்கு உட்பட்ட வண்டி, 18 வயதில் மற்ற அனைத்தும் என்பதே மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே இடைப்பட்ட படிகளை இப்போதைக்குக் குடும்பமே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

புதியவரின் கையில் என்ன நிகழ்கிறது

எட்டு போடும் தேர்வு மெதுவான வேகத்தில் சமநிலையைச் சோதிக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் குறுக்கே ஒருவர் வந்தால் வண்டியை எவ்வாறு நிறுத்துவது என்பதை அது சோதிப்பதில்லை. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி சுமார் 17 மீட்டர் நகர்கிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கை எட்டுவதற்குள் அந்த ஒரு நொடி கழிந்துவிடும். அதன் பின்னரே வேகம் குறையத் தொடங்குகிறது. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மோதலின் ஆற்றலும் அவ்வாறே.

திடுக்கிடும்போது மனிதனின் விரல்கள் தாமாகவே இறுகுகின்றன. முன்பிரேக்கின் மீது விரல்கள் இறுகினால் முன்சக்கரம் சுழற்சி நின்று வண்டி சரியும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் கட்டாயமாக்கப்பட்டுள்ள ஏபிஎஸ் இதனைப் பெருமளவு தடுக்கிறது. ஆயினும் வளைவில் சாய்ந்து செல்கையில் சாதாரண ஏபிஎஸ்ஸின் உதவி குறைவு. ஆக்சிலேட்டரின் மீது கை இறுகினால் நிகழ்வது வேறு. வண்டி முன்னே பாய்கிறது. உடல் பின்னே தள்ளப்படுகிறது. விழாதிருக்கப் பிடியை இழுக்கும் கை ஆக்சிலேட்டரை மேலும் திறந்துவிடுகிறது. நூறு சிசி வண்டியில் இப்பிழை ஒரு சிறு குலுக்கலோடு முடிந்துவிடும். முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடக்கவல்ல 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கில் அது சுவரிலோ, எதிரே வரும் லாரியிலோ முடியலாம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்விடத்திலேயே ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் தலைமையிலான பல்கலைக்கழகக் குழு 1981இல் அறிக்கை வெளியிட்டது. பழையதாயினும் இன்றளவும் எடுத்தாளப்படும் ஆய்வு அது. நெருக்கடி நேரத்தில் பெரும்பாலோர் பின்பிரேக்கை மிகையாக அழுத்திச் சக்கரத்தைச் சறுக்கவிட்டனர்; முன்பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. இன்னொரு முடிவு பெற்றோர் கவனிக்கத்தக்கது: விபத்துக்குள்ளானோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகாதவர்கள். சாலையில் ஓட்டிய மொத்த அனுபவமோ அவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். வண்டி மாறியவுடன் அனுபவசாலியும் ஓரளவு புதியவராகிவிடுகிறார் என்பது இதன் பொருள்.

மறுதரப்பையும் கூறுவது முறை. ஐரோப்பாவில் 921 விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வு, என்ஜின் கொள்ளளவு கூடுவதாலேயே விபத்து கூடுகிறது என்பதற்குச் சான்று காணவில்லை. ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பதிவான வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில், சூப்பர் ஸ்போர்ட் வகைப் பைக் ஓட்டியோரின் இறப்பு விகிதம் மற்ற வகைகளை ஓட்டியோரினும் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. அவ்வகையை வாங்குவோர் பெரும்பாலும் இளைஞர்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய என்ஜின் தனித்து ஆபத்தன்று. அனுபவக் குறைவும் மிகுதிறனும் ஒன்றுசேர்வதே ஆபத்து என்பது எங்கள் மதிப்பீடு.

மருத்துவமனைக்கு வரும் காயங்கள்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு 64,105 விபத்துகள் பதிவாயின. மாநிலங்களுள் இதுவே மிக அதிகம். இறப்புகள் எண்ணப்படுகின்றன. பிழைத்தவர்கள் எத்தகைய உடலோடு வீடு திரும்பினர் என்பது அந்த அளவுக்கு எண்ணப்படுவதில்லை.

தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகம் முழுவதையும் மூடும், தாடைப்பட்டை இறுகக் கட்டிய கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் வேண்டும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்னிருக்கை உயரமாகவும் சிறிதாகவும் இருப்பதால், வண்டி திடீரெனப் பாயும்போது முதலில் தூக்கி எறியப்படுபவர் பின்னால் அமர்ந்தவரே.

தலைக்கவசம் காக்க இயலாத ஒரு காயத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூற வேண்டும். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டுத் தோள் வழியாகப் பின்னலாகிக் கைக்குச் செல்கின்றன. மருத்துவர்கள் இதனைப் பிரேக்கியல் பிளெக்சஸ் என்பர். வேகமாகச் செல்லும் பைக்கிலிருந்து எறியப்படுபவரின் தோள் தரையில் மோதி ஒருபுறமும் தலை மறுபுறமும் செல்லும்போது இந்நரம்புகள் இழுபட்டு நைகின்றன. சிலருக்குத் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்படுகின்றன. பெரியவர்களுக்கு இக்காயம் ஏற்பட மோட்டார் சைக்கிள் விபத்தே முதன்மைக் காரணம். எலும்பு முறிவு எதுவும் இல்லாமலும் கை முழுவதும் செயலற்றுத் தொங்கக்கூடும். எரிச்சலும் மின்னதிர்ச்சி போன்ற வலியும் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும்.

நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதும், தலைக்காயத்திற்கும் கால் முறிவுக்கும் சிகிச்சை நடக்கும்போதும் இக்காயம் கவனத்திலிருந்து தப்பிவிடுவதுண்டு. பராமரிப்பாளரின் கண் உதவும் இடம் இது. நினைவு திரும்பிய பின் ஒரு கையை மட்டும் அசைக்காதிருந்தாலோ, தொட்டால் உணரவில்லை என்றாலோ உடனே மருத்துவரிடம் கூறுங்கள். "தானாகச் சரியாகிவிடும்" என்று ஓராண்டு காத்திருப்பது பெருந்தீங்கு. அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளர்கிறது. நரம்பின் தொடர்பை இழந்த தசையோ சுமார் 12 முதல் 18 மாதங்களுக்குப் பின் மீளும் தன்மையை இழந்துவிடுகிறது. எனவே நரம்பு ஒட்டு, நரம்பு மாற்றம் ஆகிய அறுவைச் சிகிச்சைகள் பொதுவாக முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் செய்யப்படுகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைத் துறையை அணுகலாம். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறை இத்தகைய சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. அதுவரை விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் மூட்டுகள் இறுகிவிடாமல் இயன்முறை மருத்துவர் காட்டியபடி நாள்தோறும் அசைத்துவர வேண்டும். உணர்வற்ற கையை அடுப்பு, வெந்நீர்ப் பை ஆகியவற்றின் அருகே கொண்டுசெல்லலாகாது.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஓட்டுபவர் பெட்ரோல் தொட்டியின் மீது கவிழ்ந்தவாறு அமர்கிறார். நேர்மோதலில் இடுப்பெலும்பும் அடிவயிறும் அத்தொட்டியின் மீதே மோதும். வெளிக்காயம் தெரியாவிட்டாலும், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் கழிக்க இயலாமை, அடிவயிற்று வலி இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விபத்தைக் கண்டால் 108ஐ அழைக்கவும். அடிபட்டவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். மூச்சு இருக்குமானால் தலைக்கவசத்தைக் கழற்ற முயலாமல் கழுத்தை அசையாது தாங்கிப் பிடியுங்கள். உதவியவரை வழக்கில் இழுக்காதவாறு சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

வாங்குவதற்கு முன்பும், மீண்டும் ஓட்டுவதற்கு முன்பும்

பிள்ளையிடம் "கூடாது" என்று மட்டும் சொன்னால் அவர் நண்பரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுவார். அது இன்னும் ஆபத்தானது. "இப்போது அன்று, இந்தப் படிகளுக்குப் பின்" என்பது பயனுள்ள பேச்சு. முதல் ஓராண்டேனும் 100 முதல் 160 சிசி வரையிலான, நிமிர்ந்து அமரும் வகை வண்டி. ஆளற்ற மைதானத்தில் இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தும் பயிற்சி. மழையிலும் இரவிலும் ஓட்டிய அனுபவம். இவற்றுக்குப் பின் அடுத்த படியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் புதிய வண்டியின் முதல் ஐந்து மாதங்களில் பின்னிருக்கையில் எவரையும் ஏற்றாதிருப்பது நலம். பதினெட்டு வயது நிறையாதவரிடம் சாவியைக் கொடுத்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

காயத்திலிருந்து மீண்டவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது கையின் பிடி. ஸ்போர்ட்ஸ் பைக்கில் உடலின் எடையில் ஒரு பகுதி மணிக்கட்டுகளின் மீது இறங்குகிறது. கழுத்தை நிமிர்த்தியவாறே நெடுநேரம் ஓட்ட வேண்டும். மணிக்கட்டு, காறை எலும்பு, கழுத்து ஆகியவற்றில் முறிவு கண்டவர்களுக்கு எலும்பு கூடிய பின்னும் இது கடினம். தலைக்காயத்திற்குப் பின் வலிப்பு வந்திருந்தால் மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எந்த வண்டியையும் ஓட்டலாகாது. உரிமத்திற்கான படிவம் 1இல் வலிப்பு நோயையும் திடீர் மயக்கத்தையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். நரம்பு வலிக்குத் தரப்படும் காபாபென்டின், பிரிகாபாலின் போன்ற மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரக்கூடியவை. அவற்றைத் தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் வண்டி ஓட்டுவதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறியுங்கள். விபத்தில் அடிபட்ட தலைக்கவசம் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதனை மறுபடியும் அணியாமல் புதியது வாங்கவும்.