குதிரைகள் இன்னும் வேண்டுமா?

கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மாணவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். எண் பெரிதாக இருந்தால் நல்ல வண்டி. சிறிதாக இருந்தால் மட்டமான வண்டி. தேர்வில் எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரை எடைபோடுவது போன்ற பழக்கம் இது. வளர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வியால் மிகுதியாகத் தொல்லைப்பட்ட ஒரு காரை எடுத்துக்கொண்டு, உங்கள் பாடநூலில் உள்ள இயற்பியலைக் கொண்டே ஆராய்வோம்.

2012-இல் ஜப்பான் நாட்டின் டொயோட்டா, சுபாரு நிறுவனங்கள் கூட்டாக ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டன. டொயோட்டா அதை '86' என்றும், சுபாரு பி.ஆர்.இசட். என்றும் விற்றன. இரண்டு லிட்டர் எஞ்சின்; 200 குதிரைத்திறன், அதாவது 147 கிலோவாட். எடை சுமார் 1,240 கிலோகிராம். பெருஞ்செல்வர் அல்லாதவரும் வாங்கக்கூடிய விலை. ஓட்டிப் பார்த்தவர்கள் வளைவுகளில் அது செல்லும் அழகைப் பாராட்டினார்கள். அதே மூச்சில், "திறன் போதவில்லை" என்று குறையும் கூறினார்கள். பல ஆண்டுகள் ஓயாமல் ஒலித்த குறை இது. அதில் பாதி நியாயம் உண்டு என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பாதி, குறை கூறியவர்களில் பலர் நினைத்த பாதி அன்று.

ஓட்டுநரையும் சேர்த்து வண்டியின் நிறையை 1,300 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27.8 மீட்டர். இயக்க ஆற்றலுக்கு உரிய சூத்திரத்தில் இவற்றை இட்டால் ஏறத்தாழ 500 கிலோஜூல் வரும். நொடிக்கு 147 கிலோஜூல் தரும் எஞ்சின் இதைக் கொடுக்க 3.4 நொடி போதும். ஆனால் நின்ற நிலையிலிருந்து இந்த வேகத்தை அடைய அந்தக் காருக்கு 7.4 நொடி ஆயிற்று. மீதி நான்கு நொடி எங்கே போயிற்று?

ஒரு பகுதி கியர் மாற்றுவதிலும், பற்சக்கரங்களின் உராய்விலும், காற்றைக் கிழிப்பதிலும் போயிற்று. பெரிய பகுதிகள் வேறு இரண்டு இடங்களில் உள்ளன.

முதலாவது, டயர். காரை முன்னே தள்ளுவது எஞ்சின் என்று சொல்கிறோம். உண்மையில் வெளியிலிருந்து காரைத் தள்ளுவது சாலை! டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு விசை எவ்வளவோ, அவ்வளவுக்குமேல் ஒரு நியூட்டன்கூடக் கிடைக்காது. இந்தக் காரில் பின்சக்கரங்கள் மட்டுமே உந்துகின்றன. அவை தாங்கும் எடையையும் சாதாரண டயரின் பிடிப்பையும் கொண்டு பார்த்தால், கிடைக்கக்கூடிய முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் 5 மீட்டர். விசை 6,500 நியூட்டன். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது அல்லவா? 147,000 வாட்டை 6,500 நியூட்டனால் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு சுமார் 22.6 மீட்டர், அதாவது மணிக்கு 81 கிலோமீட்டர் வரும். இதன் பொருள் என்ன? எஞ்சின் தன் முழுத் திறனையும் தர முன்வந்தாலும், வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும் வரை டயர்களால் அதை முழுவதும் ஏற்றுக்கொள்ள இயலாது. கூடுதலாக ஊட்டினால் சக்கரம் இருந்த இடத்தில் வழுக்கிச் சுழலும், புகையும் வரும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது பெரிய வேகமாகத் தோன்றும்.

இரண்டாவது, எஞ்சினின் குணம். 200 குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளில் மட்டுமே கிடைக்கும் உச்சம். வளைகோட்டின் சிகரத்தை மட்டும் விளம்பரத்தில் அச்சிடுகிறார்கள், சரிவை அச்சிடுவதில்லை. இந்த எஞ்சினின் உச்ச முறுக்கு விசையான 205 நியூட்டன் மீட்டர், 6,400 சுற்றுகளுக்கு மேல்தான் கிடைத்தது. அதற்கும் கீழே, ஏறத்தாழ 3,500-க்கும் 4,500-க்கும் இடையில், வளைகோட்டில் ஒரு பள்ளம். அன்றாடம் ஒரு லாரியை முந்தும்போது எஞ்சின் சுழலும் இடமும் அதுதான். ஓட்டுநர் மிதிக்கிறார், வண்டி யோசிக்கிறது. குறையில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுவே. இல்லாதிருந்தது உச்சத் திறன் அன்று, நடுவில் இருக்கவேண்டிய திறன்.

2021-இல் வந்த அடுத்த தலைமுறைக் காரைப் பாருங்கள். எஞ்சின் 2.4 லிட்டர்; திறன் 235 குதிரைகள். நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.3 நொடியில் எட்டியது. உடனே, "பார்த்தீர்களா, குதிரைகளைக் கூட்டினார்கள், நேரம் குறைந்தது" என்பார்கள். ஆனால் டயர்க் கணக்கின்படி, கூட்டிய 35 குதிரைகளுக்கும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே வேலையே இல்லை. சேமித்த ஒரு நொடியின் பெரும்பகுதியைத் தந்தது வேறொரு மாற்றம்: முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டராக உயர்ந்ததோடு, அந்த உச்சம் 3,700 சுற்றுகளிலேயே கிடைத்தது. பள்ளத்தை மேடாக்கிவிட்டார்கள். பொறியாளர்கள் சரியான நோயைக் கண்டு மருந்து கொடுத்தார்கள் என்றே கூறுவேன்.

நேர்ச்சாலையில் சீராகச் செல்ல எவ்வளவு திறன் தேவை என்று நினைக்கிறீர்கள்? மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றுத் தடையும் சக்கர உருளல் தடையும் சேர்ந்து இத்தகைய காரிடம் கேட்பது, தோராயமாக 12 கிலோவாட். பதினாறு குதிரைகள் போதும்! வேகத்தை இருமடங்கு ஆக்கினால் காற்றுக்காகச் செலவிடும் திறன் எட்டு மடங்காகும் என்பது உண்மை. ஆனால் 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லப் பொதுச் சாலையில் யார் அனுமதிப்பார்கள்?

ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் வளைவில்தான் இருக்கிறது. 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவு ஒன்றைக் கொள்வோம். உராய்வுக் குணகம் 0.9. மையநோக்கு விசையை உராய்வு விசைக்குச் சமப்படுத்தினால், வழுக்காமல் செல்லக்கூடிய பெரும வேகம் நொடிக்கு 21 மீட்டர், அதாவது மணிக்கு 76 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் எஞ்சினின் திறன் எங்கேனும் வந்ததா? நூறு குதிரையானாலும் ஐந்நூறு குதிரையானாலும் விடை ஒன்றே.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே என்னை மடக்கலாம்: "ஐயா, நிறையும்தான் இருபுறமும் அடிபட்டுப் போகிறது. பிறகு எடை குறைந்த கார் எதற்கு?" நல்ல கேள்வி. உராய்வுக் குணகம் மாறிலி என்று பாடநூல் சொல்கிறது. ரப்பர் அந்தப் பாடநூலைப் படித்ததில்லை. டயரின் மேல் சுமை ஏற ஏற அதன் உராய்வுக் குணகம் சற்றுக் குறைகிறது. ஆகவே அதே டயரில் எடை குறைந்த கார்தான் வளைவில் வெல்லும். பிரேக்கையும் எண்ணிப் பாருங்கள். முன்னே கண்ட 500 கிலோஜூலும் வண்டி நிற்கும்போது வெப்பமாக மாறவேண்டும். 30 பாகை செல்சியசில் உள்ள 1.7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும்!

திறனைக் கூட்டுவதில் உள்ள பெரிய ஆபத்து பண மட்டும் அன்று. எஞ்சின் பெரிதானால் கிளச்சும் கியர்ப்பெட்டியும் வலுவாக வேண்டும். வேகத்தை அடக்கப் பெரிய பிரேக் வேண்டும். அகன்ற டயர் வேண்டும். இவற்றைத் தாங்க உறுதியான உடல் வேண்டும். எடை ஏறும். ஏறிய எடைக்காக இன்னும் திறன் கேட்பார்கள். இந்தச் சுழலில் இறங்கிய மலிவான கார் மலிவாகவும் இராது, இலேசாகவும் இராது.

சுழலிலிருந்து மீளவும் முடியும். மாஸ்டா நிறுவனம் 1989-இல் எம்.எக்ஸ்-5 என்ற சிறு காரை வெளியிட்டபோது அதன் எடை 950 கிலோகிராம் அளவில் இருந்தது, எஞ்சின் 1.6 லிட்டர்தான். தலைமுறைகள் மாறியபோது எடை ஏறியது. 2015-இல் வந்த நான்காம் தலைமுறையில் நூறு கிலோகிராம் அளவுக்குக் குறைத்து, ஜப்பானில் விற்ற அடிப்படை வகையை மீண்டும் 990 கிலோகிராமுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு 1.5 லிட்டர் எஞ்சினும் 131 குதிரைத்திறனுமே வைத்தார்கள். எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட இது எத்தனையோ மடங்கு கடினமான வேலை. ஆனால் இதற்கு விளம்பரத்தில் அச்சிடப் பெரிய எண் கிடைப்பதில்லை.

எம்.எக்ஸ்-5-க்கு முன்மாதிரியாக இருந்தது, இங்கிலாந்தின் காலின் சாப்மன் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1962-இல் வெளியிட்ட எலான் என்னும் கார். அதன் எடை சுமார் 690 கிலோகிராம்; எஞ்சின் 105 குதிரைத்திறன். ஓட்டுநருக்கு 70 கிலோகிராம் சேர்த்து, ஒரு குதிரைத்திறன் 736 வாட் என்று கொண்டு, நாம் மேலே போட்ட முதல் கணக்கை இதற்கும் போடுங்கள். 200 குதிரைகளுக்குக் கிடைத்த 3.4 நொடியோடு உங்கள் விடையை ஒப்பிட்டுப் பாருங்கள்.