முறை வைத்தால் நியாயமாகிவிடுமா?

பகாசுரன் கதையைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை தமிழர் வீடுகளில் அநேகமாக இராது. வண்டி நிறையச் சோறு, அதை அசுரனின் கண்ணெதிரே உட்கார்ந்து தின்று தீர்க்கும் பீமன், முதுகில் விழும் குத்தைக்கூடச் சட்டை செய்யாமல் அடுத்த கவளத்தை உருட்டும் அவனது அலட்சியம் — இவை எல்லோருக்கும் நினைவிருக்கும். திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகாசுரன் கூத்துப் பார்த்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் பீமன் வருவதற்கு முன்னால் ஏகசக்கர நகரில் இருந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. பகாசுரன் கண்டவரைக் கண்ட இடத்தில் பிடித்துத் தின்றவன் அல்லன். ஊராருக்கும் அவனுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமைக்கடா, அவற்றை ஓட்டிச் செல்லும் ஓர் ஆள் — இது அவனுக்குரிய பங்கு. வீட்டுக்கு வீடு முறை. ஒரு வீட்டுக்கு மறுபடி முறை வரப் பல வருஷங்கள் ஆகும். அதற்குப் பதிலாக, வேறு பகைவர் யாரும் அந்த நாட்டை அணுகாதபடி அவன் காவல் காத்தான். முறையிலிருந்து தப்ப முயன்றவனை மனைவி மக்களோடு தின்றுவிடுவான்.

அசுரனுக்கு ஒரு வக்கீல்

பகாசுரனுக்காக ஒரு வக்கீல் வாதாட வந்தால் என்ன சொல்வார்? "என் கட்சிக்காரர் யார் வீட்டிலும் புகுந்து கொள்ளையடிக்கவில்லை. ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு பிடி சோறு கேட்கவில்லை. முறை எல்லோருக்கும் பொது, பாரபட்சம் கிடையாது. காவல் என்ற கைம்மாறும் உண்டு. ஊரார் சம்மதித்துச் செய்துகொண்ட ஏற்பாட்டில் அக்கிரமம் எங்கே?" என்று கேட்பார். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் வாதத்தில் பழுதில்லை.

ஆயினும் இந்த வாதம் இந்தியக் கோர்ட்டு எதிலும் அரை நாழிகை நில்லாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், சம்மதம் என்பது சுதந்திரமான சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறது. மிரட்டிப் பெற்றது அப்படிப்பட்ட சம்மதமாகாது. நோக்கமே சட்டவிரோதமானால் ஒப்பந்தமே செல்லாது. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு, தீங்குக்கு அஞ்சிக் கொடுத்த சம்மதத்தைச் சம்மதமாகவே கொள்ளவில்லை. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் அமலுக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இதையே சொல்கிறது. வயது வந்த ஒருவன் மனமார இசைந்து தன் உயிரைக் கொடுத்தாலுங்கூட, கொன்றவனுக்குக் குற்றத்தின் கடுமை குறையுமே தவிர, குற்றம் இல்லாமல் போகாது.

"முறை எல்லோருக்கும் பொது" என்ற வாதமும் ஆராயத்தக்கது. பாண்டவர்கள் தங்கியிருந்த வீட்டு அந்தணர் தம் முறை வந்தபோது அழுது புலம்புகிறார். ஓர் ஆளை விலைக்கு வாங்கி அனுப்பத் தம்மிடம் பணம் இல்லையே என்று ஏங்குகிறார். அப்படியானால் பணம் இருந்தவனுக்கு வேறு வழி இருந்திருக்கிறது! முறை வந்தது பணக்காரனுக்கு. வண்டி ஓட்டிப் போனவன் ஏழை. விலைபோன அந்த மனிதனும் "சம்மதித்து"த்தான் போயிருப்பான். வலியவன் வகுத்ததே வாய்க்கால் என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை.

முயலின் மேல் குற்றம் உண்டா?

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். பஞ்சதந்திரத்துச் சிங்கத்தின் கதையில், நாளைக்கு ஒரு மிருகம் என்ற யோசனையைச் சொன்னவையே மிருகங்கள்தாம். வகைதொகையில்லாமல் பலர் சாவதைவிட ஒருவர் முறையாகச் சாவது மேல் அல்லவா? மற்ற நாட்களிலாவது குட்டிகள் பயமின்றி மேயலாம் அல்லவா? இது புறக்கணிக்கத் தக்க வாதமன்று. கழுத்தில் பல் பதிந்திருக்கும்போது எந்த நிபந்தனைக்கும் தலையாட்டத்தான் வேண்டியிருக்கும். தலையாட்டியவர்களைக் கோழைகள் என்பது வெளியில் நின்று பார்ப்பவர்களின் சௌகரியம்.

ஆனால் தலையாட்டியதாலேயே சிங்கத்துக்கு உரிமை பிறந்துவிட்டதா? முயல் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துப் போய் அதன் நிழலைக் காட்டிக் குதிக்க வைத்தது. ஒப்பந்தப்படி பார்த்தால் இது வாக்குத் தவறல், மோசடி. இருந்தும், கதை கேட்கும் எந்தக் குழந்தையும் முயலைக் குற்றவாளி என்று சொல்வதில்லை. சட்டம் படிக்காத குழந்தைக்கும் அந்த நியாயம் தெரிகிறது.

உண்மையாகவே மனமுவந்து ஒருவன் முன்வந்தால் என்ன செய்வது? ஹர்ஷர் இயற்றிய 'நாகானந்தம்' என்ற வடமொழி நாடகம் இதை எடுத்துக்கொள்கிறது. கருடனுக்குத் தினம் ஒரு நாகத்தை அனுப்புவதாக நாகராஜன் வாசுகி உடன்படிக்கை செய்திருக்கிறான். சங்கசூடன் என்ற நாகனின் முறை வருகிறது; அவன் தாய் கதறுகிறாள். அதைக் கண்ட வித்யாதர இளவரசன் ஜீமூதவாகனன், யாரும் வற்புறுத்தாமல், அவனுக்குப் பதிலாகத் தானே பலிப்பாறையில் படுத்துவிடுகிறான். இதைவிடச் சுத்தமான சம்மதம் இருக்க முடியாது. அப்படியும் கருடன் 'எனக்கு உரியது கிடைத்தது' என்று திருப்தியடையவில்லை. உண்மை தெரிந்ததும் வெட்கித் துடித்து, இனி நாகங்களைக் கொல்வதில்லை என்று கைவிடுகிறான். உயிரைக் கொடுத்தது கொடுத்தவனின் பெருமை. அதனால் தின்றவனுக்கு உரிமை எதுவும் உண்டாவதில்லை.

பேச்சு வந்த இடத்தில் சட்டம் வந்தது

சிங்கம் புல்லைத் தின்று வாழ முடியுமா என்று கேட்பார்கள். அதற்கும் பழைய இலக்கியத்தில் பதில் இருக்கிறது. மணிமேகலையில் வரும் சாதுவன், கைப்பொருளைத் தொலைத்துவிட்டுப் பிழைப்புக்காகக் கப்பல் ஏறியவன். கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, மனிதரைத் தின்னும் நாகர்களின் மலைப்பக்கம் கரை சேர்ந்தான். களைத்துத் தூங்கியவனை நல்ல உணவு என்று சூழ்ந்துகொண்டார்கள். சாதுவனுக்கு அவர்கள் பாஷை தெரிந்திருந்தது. வாயைத் திறந்து அதில் பேசினான். தின்ன வந்தவர்கள் விலகி நின்று, தங்கள் தலைவனிடம் அழைத்துப் போனார்கள்.

தலைவனோடு அவன் வாதாடினான். எங்களால் கைக்கொள்ளக்கூடிய அறம் எதுவோ அதைச் சொல் என்று தலைவன் கேட்டான். மாமிசத்தையே விட்டுவிடு என்று சாதுவன் சொல்லவில்லை. கலம் உடைந்து கரையேறும் மனிதரைக் கொல்லாதே, மூப்பினால் சாகும் மிருகங்களைத் தவிர மற்றவற்றைக் கொல்லாதே என்ற அளவோடு நிறுத்தினான். தலைவனும் ஏற்றுக்கொண்டான். தின்கிறவனால் கைக்கொள்ள முடிந்த சட்டம் அது. பசியைத் தீர்க்கும் வழியை அடைக்காமல், பேசுகிற உயிரைப் பாதுகாத்தது. அவனுக்கு முன் கரையேறி உயிரிழந்தவர்களின் சந்தனமும் அகிலும் துணியும் அங்கே குவிந்து கிடந்தன. பிழைக்கப் போன இடத்தின் பாஷையைக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய காவல் என்பதை, வேற்று மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் கற்பனை உலகத்து விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது. 1884-இல் 'மினியோனெட்' என்ற ஆங்கிலேயப் படகு நடுக்கடலில் மூழ்கியது. சிறு தோணியில் தப்பிய நால்வரில் ஒருவன் 17 வயதுப் பையன். பசி தாங்காமல், நோயுற்றுக் கிடந்த அந்தப் பையனைக் கொன்று தின்றார்கள். அவன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, சீட்டுக்கூடக் குலுக்கவில்லை. இருந்தவர்களில் எளியவன் அவன்தான் என்பதே காரணம். தலைப்பட்ட இருவரும் அவசியத்தைக் காரணம் காட்டினார்கள். இங்கிலாந்துக் கோர்ட்டு அதை ஏற்காமல் மரண தண்டனை விதித்தது. பின்னர் தண்டனை ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டாலும், குற்றம் குற்றம்தான் என்ற தீர்ப்பு நின்றுவிட்டது.

பசியும் ஒரு வற்புறுத்தல்தான் என்பதை 1982-இல் இந்தியச் சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகளில் தொழிலாளர் நிலை பற்றிய வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய ஒருவன் இசைந்தால், வறுமை அவனை அப்படி இசைய வைத்தது என்றே பொருள். அது அரசியல் சட்டத்தின் 23-ஆவது ஷரத்து தடுக்கும் கட்டாய வேலை என்று கோர்ட்டு சொன்னது. முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்துத் தன்னையே அடகு வைக்கும் கொத்தடிமை ஒப்பந்தங்களை 1976-ஆம் வருஷச் சட்டம் செல்லாதவையாக்கியது. "அவனே கையெழுத்துப் போட்டானே!" என்று மேஸ்திரி சொல்வதற்கும், பகாசுரனின் வக்கீல் சொல்வதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

பகாசுரன் இறந்த பிறகு நடந்ததும் பலருக்கு மறந்துவிட்டது. நடுங்கி வந்து நின்ற அவன் சுற்றத்தாரைப் பீமன் கொல்லவில்லை. இனி மனிதரைக் கொல்வதில்லை என்று அவர்களிடம் உறுதி வாங்கிக்கொண்டு விட்டான். ஏகசக்கரத்தில் அதற்கு முன்பு இருந்த ஏற்பாடு தின்னப்படுகிறவர்களை மட்டும் கட்டுப்படுத்தியது. பீமன் விதித்தது தின்கிறவர்களைக் கட்டுப்படுத்தியது. சட்டம் என்ற பெயர் இரண்டாவதற்குத்தான் பொருந்தும்.

அந்த அந்தணர் வீட்டில் அன்று இன்னொன்றும் நடந்தது. நான் போகிறேன் என்றார் தகப்பனார். நான் போகிறேன் என்றாள் தாய். மகளும் அதையே சொன்னாள். பேச்சுத் திருந்தாத சின்னப் பையன் மட்டும் ஒரு துரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இதாலேயே அந்த ராட்சஸனைக் கொன்றுவிடுவேன் என்றான். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். யார் போவது என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த வீட்டில், யாரும் போக வேண்டாம் என்ற யோசனை அந்தக் குழந்தைக்குத்தான் தோன்றியது.