ஆகாயத்துக்குப் பட்டா எழுதியது யார்?

லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ நிலையம் நடத்துவது குற்றம் என்கிறது அமெரிக்க சர்க்கார். அந்தச் சட்டம் யாருக்காக என்று நாம் கேட்கிறோம்.

லிங்கன் வாழ்ந்த ஸ்பிரிங்பீல்டு நகரில், ஏழைக் கறுப்பின மக்களின் குடியிருப்பில், 1987-ல் ஒரு சின்ன ரேடியோ நிலையம் பேசத் தொடங்கியது. நடத்தியவர் கண் பார்வையற்ற ம்பன்னா கான்டாகோ. நிலையத்தின் சக்தி ஒரே ஒரு வாட். போலீஸ் அடக்குமுறையைப் பற்றி அங்குள்ள ஜனங்களே அதில் பேசினார்கள். 1989-ல் 750 டாலர் அபராதம் வந்தது. அவர் கட்டவில்லை; வாயை மூடவுமில்லை.

லைசென்ஸ் வாங்கியிருக்கலாமே? எப்படி வாங்குவது! 100 வாட்டுக்குக் குறைந்த புது நிலையங்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று 1978-லேயே கதவை அடைத்துவிட்டார்கள். பெரிய நிலையம் வைக்கப் பெரும் பணம் வேண்டும். பணமுள்ளவன் பேசலாம், இல்லாதவன் கேட்கலாம்!

அலைகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க விதி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதில்லையா? ஆனால் ஏழையின் வயலுக்கு முறையே இல்லை என்றால், அதற்குப் பெயர் அபகரிப்பு.

மீறியவர்கள் பலரானதும் சர்க்கார் இறங்கிவந்தது. 2000-ல் 100 வாட் வரையிலான நிலையங்களுக்கு லைசென்ஸ் தர முன்வந்தது. ஒலிபரப்பு முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அதே ஆண்டில் ஒரு சட்டம் போடவைத்து அதைக் குறுக்கினார்கள். அந்தக் கட்டு 2011-ல்தான் தளர்ந்தது. இதற்கிடையிலேயே, 2003-ல், புளோரிடாவின் இம்மோகலியில் தக்காளி பறிக்கும் கூலித் தொழிலாளர்கள் சொந்த நிலையம் கண்டார்கள், லைசென்சோடு!

அபராதத்துக்கு அஞ்சி அந்த ஒரு வாட் அடங்கியிருந்தால், இந்தக் கதவு திறந்திருக்குமா, தோழர்களே?