ஊரும் வீதியும்: டண்டீ நகரின் தோரண வாயில்

வங்கத்தில் குடியேறி வாழும் நம்மவருள் சணலை அறியாதவர் இலர். ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் ஓங்கி நிற்கும் ஆலைப் புகைபோக்கிகளைப் புகைவண்டியில் இருந்தபடியே பார்த்திராத குடும்பமும் நம்மிடையே இராது. அவ்வாலைகளுக்குத் தாய்வீடு என்று சொல்லத்தக்க ஊர் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த டண்டீ என்பதே அது. இத்திங்கள் அந்நகரின் நடுப்பகுதி வீதிகளைப் பற்றிச் சில கூற விரும்புகிறோம்.

1830-களில் டண்டீ மக்கள் வங்கத்துச் சணலை யந்திரத்தில் நூற்கக் கற்றனர். முரட்டு நாரை மென்மையாக்க அவர்களுக்கு வாய்த்த பொருள் திமிங்கில எண்ணெய். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அத்துறைமுகத்திலேயே இருந்தன. கிரிமியப் போரின்போது ருஷ்ய நாட்டு நார் வரத்துக் குன்றவே, சணலின் மதிப்பு மேலும் உயர்ந்தது. ஆலைத் தொழிலாளருள் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களுக்கு வேலை கிடைப்பது அரிதாகையால் அவர்களுள் பலர் வீட்டில் இருந்து அடுப்பைக் கவனித்தனர். 'கெட்டில் கொதிக்க வைப்போர்' என்று ஊரார் அவர்களைக் கேலி செய்தனராம். அந்தக் கேலியில் எத்தனை வீடுகளின் வேதனை கலந்திருந்ததோ!

1855-இல் கல்கத்தாவுக்கு வடக்கே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. அதன் யந்திரங்கள் டண்டீயிலிருந்து வந்தவை. அவற்றைப் பின்தொடர்ந்து மேலாளர்களும், மேற்பார்வையாளர்களும், யந்திர நிபுணர்களும் அந்நகரிலிருந்து கப்பலேறி வந்தனர். பிறந்த ஊரைவிட்டு ஹூக்ளிக் கரையில் வாழ்ந்த அவர்களும் ஒருவகையில் நம்மைப் போன்றவர்களே. ஆனால், அதிகாரமும் ஊதியமும் நமக்குக் கிட்டியவை அல்ல. அதை மறந்து ஒப்பிடுதல் தகாது. எனினும், விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்வோர் எந்தக் கோபுரத்தைக் கண்டு 'வந்துவிட்டோம்' என்று நெஞ்சு குளிர்கிறார்களோ, அத்தகைய அடையாளங்கள் அவர்களுக்கும் இருந்தன.

அவர்களுள் ஒருவர் 1931-இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு, 1966-இல்தான் திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதைக் கண்டிருப்பார்?

'தூண்கள்' என்று ஊரார் செல்லமாக அழைத்த பழைய நகர மன்றக் கட்டடத்தை முதலில் தேடியிருப்பார். வில்லியம் ஆடம் என்ற சிற்பி 1730-களில் அமைத்தது அது. அதன் கீழ்த்தளத்து வளைவுகளின் நிழலில் நின்று நண்பர்கள் சந்திப்பது வழக்கம். 1932-இல் அதை இடித்துவிட்டனர். அங்கே நகரச் சதுக்கம் பிறந்தது. சணல் முதலாளி ஜேம்ஸ் கேர்ட் அளித்த 1,00,000 பவுன் நன்கொடையால் எழுந்த கேர்ட் மண்டபத்தின் பெருந்தூண்கள் அதன்மேல் நோக்குகின்றன. டிராம் வண்டிகள் 1956-இல் நின்றுவிட்டன. ஓவர்கேட் என்ற பழைய கடைவீதியின் நெருக்கமான வீடுகளும் 1960-களில் தரைமட்டமாகி, கான்கிரீட் கடைத்தொகுதி ஒன்றுக்கு இடம்விட்டன. அவ்வீடுகளில் காற்றோட்டமும் கழிப்பறை வசதியும் போதாமல் மக்கள் துன்புற்றது உண்மை. பழமை என்ற ஒன்றுக்காகவே அவை நிலைக்க வேண்டும் என்று வாதிட, அங்கு வாழாத நமக்கு உரிமையில்லை.

தோரண வாயிலின் கதையோ வேறு. 1844-இல் விக்டோரியா மகாராணி கப்பலில் டண்டீ வந்து இறங்கியபோது, துறையில் மரத்தால் ஒரு வளைவு அமைத்து வரவேற்றனர். அதன் நினைவாகப் பின்னர் அதே இடத்தில் கல்லால் எடுத்த பெருவாயிலுக்கு 'ராயல் ஆர்ச்' என்று பெயர். அதை வரைந்தவர் ஜே. டி. ரோகெட், ஸ்டெர்லிங் அருகே உள்ள வாலஸ் நினைவுக் கோபுரமும் அவர் வரைந்ததே. ஊர்க்காரர் எல்லோருமே அதை அழகு என்று புகழ்ந்தனர் எனச் சொல்ல முடியாது. ஆனால், கப்பலேறியவர்க்கு அதுவே கடைசித் தோற்றம். திரும்பியவர்க்கு அதுவே முதல் தோற்றம். அழகை மட்டும் கொண்டு ஓர் அடையாளத்தை மதிப்பிடலாகாது என்பது எம் கருத்து.

டே நதியின்மேல் மோட்டார் வண்டிகளுக்குப் பாலம் அமைக்கத் திட்டமிட்டபோது, அதன் தலைப்பை நகரின் நடுவிலேயே கொண்டுவந்து இறக்க முடிவு செய்தனர். 1964 மார்ச்சில் தோரண வாயிலை வெடிவைத்துத் தகர்த்தனர். பழைய கப்பல் துறைகளை மண்ணிட்டுத் தூர்த்தனர். வாயிலின் கற்களும் அத்துறை ஒன்றினுள்ளேயே போயின. 1966 ஆகஸ்டில் பாலம் திறக்கப்பெற்றது. ஆற்றைக் கடப்பது எளிதாயிற்று; ஆனால் ஊரிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து செல்வது அரிதாயிற்று. இடையே சாலைகளும், சரிவுப் பாதைகளும், நடைமேம்பாலங்களும், உயர்ந்த அலுவலகக் கட்டடமும் குறுக்கிட்டன. ஆற்றால் வாழ்ந்த ஊர் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றது.

இதைத் திருத்த 2001-இல் முப்பது ஆண்டுத் திட்டம் ஒன்று தொடங்கினர். செலவு 100 கோடி பவுன் என்று மதிப்பிட்டனர். அந்த உயர்ந்த கட்டடத்தை அகற்றினர், சாலைகளைத் திருப்பினர். 2010-இல் அதற்காக நிலத்தைத் தோண்டியபோது தோரண வாயிலின் கற்கள் சில வெளிப்பட்டன. 2018 செப்டம்பரில் ஆற்றின் விளிம்பில் விக்டோரியா-ஆல்பர்ட் வடிவமைப்புக் காட்சிசாலை திறக்கப்பெற்றது. ஜப்பானியச் சிற்பி கெங்கோ கூமா அதன் நடுவே ஒரு பெருந்திறப்பை விட்டிருக்கிறார். ஊரின் பக்கம் நின்றால் அதன் வழியே ஆறு தெரிகிறது. ஊரையும் ஆற்றையும் மீண்டும் இணைப்பதே அவர் நோக்கம். இடித்த வாயிலின் சாயலை அதில் காண்பவர் பலர். ஓர் ஊர் இழந்ததன் விலையை இதைவிடத் தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டுதல் இயலாது.

கட்டடங்கள் போயினும் வீதிப் பெயர்கள் பிடிவாதமாக நிற்கின்றன. ஓவர்கேட், நெதர்கேட், மர்ரேகேட், சீகேட் என்பவற்றில் வரும் 'கேட்' வாயிலைக் குறிப்பதன்று; வடபுலத்தாரின் பழைய மொழியில் வீதி என்று பொருள். சீகேட் என்றால் கடல்வீதி. தூர்த்த நிலம் இடையே வந்தமையால் இன்று அவ்வீதியில் அலையோசை இல்லை. மர்ரேகேட்டில் டிராம் தண்டவாளங்களை மட்டும் தரையில் விட்டுவைத்திருக்கின்றனர். அவற்றின்மேல் மக்கள் நடந்து கடைக்குப் போகின்றனர்.

சணலும் போயிற்று. வங்கத்திலிருந்து அவ்வூருக்குச் சணல் ஏற்றிவந்த கடைசிக் கப்பல் 1998-இல் துறை சேர்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1833-இல் கட்டிய வெர்டன்ட் ஆலையைக் காட்சிசாலையாக்கிவிட்டனர். அங்கே பழைய யந்திரங்களை ஓட்டிக் காட்டுகின்றனர். டண்டீ செல்லும் நம் இளைஞர்கள் அவ்வாலைக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கட்டும். ஹூக்ளிக் கரையில் நாம் அறிந்த அதே சணல் நாரின் வாடையை அங்கும் உணர்வார்கள்.