தொடர் திறன் பயிற்சியைக் கல்லூரிக் கால அட்டவணையில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: முன்னாள் மாணவர் சங்கம், அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி.

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம்.

பொருள்: அரசு கலை அறிவியல் கல்லூரிகள் – ஆறு பருவங்களிலும் வேலைவாய்ப்புத் திறன் பயிற்சி – வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் படிப்புகளைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்ததை இச்சங்கம் நன்றியுடன் வரவேற்கிறது. எனினும், நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் வளாக நேர்காணலுக்கான ஆயத்தம், பல கல்லூரிகளில் இன்னும் இறுதியாண்டின் சில வார வகுப்புகளாகவே சுருங்கியுள்ளது.

திறனறித் தேர்வு, குழு விவாதம், துறைசார் நேர்காணல், மனிதவள நேர்காணல் எனப் படிப்படியாக நடைபெறும் இத்தேர்வில், சதவீதக் கணக்கை ஒரு நிமிடத்துக்குள் போடுவதும், செய்த ஆய்வுத் திட்டத்தைப் பிறருக்கு விளங்கச் சொல்வதும் நாள்பட்ட பழக்கத்தால் மட்டுமே கைவருவன. வேதியியலில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற தமிழ்வழி மாணவி, தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லுமாறு கேட்கப்படும் முதல் கேள்வியிலேயே தயங்கி நிற்பது பாட அறிவு குறைந்ததால் அன்று. அம்மொழியில் வாய்விட்டுப் பேசும் வாய்ப்பு மூன்றாண்டுகளிலும் கிட்டாததாலேயே ஆகும். மேலும், இரு சுழற்சி முறையில் இயங்கும் கல்லூரிகளில் வகுப்பு முடிந்தபின் நடத்தப்படும் பயிற்சி, பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பவோ பகுதிநேர வேலைக்குச் செல்லவோ வேண்டிய மாணவர்களுக்கு எட்டாமலேயே போகிறது.

எனவே, பின்வரும் கோரிக்கைகள் பணிவுடன் முன்வைக்கப்படுகின்றன:

1. வாரம் இரண்டு மணி நேரப் பயிற்சி, வகுப்பு நேரத்துக்குள்ளேயே அமைய வேண்டும். முதல் இரு பருவங்களில் மொழியும் கணக்கும், அடுத்த இரண்டில் கணினியும் துறைசார் திறனும், இறுதி இரண்டில் மாதிரி நேர்காணலும் களப்பயிற்சியும் இடம்பெற வேண்டும்.

2. தமிழ்வழி மாணவர்களுக்கு, தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் பேசப் பழக்கும் பயிற்றுநர்கள் அமர்த்தப்பட வேண்டும்.

3. இணையவழிப் பாடங்களுக்குத் துணையாக, மாணவரின் தவற்றை நேரில் திருத்தும் வகுப்புகளும் நடைபெற வேண்டும்.

4. வேலைவாய்ப்பு அலுவலர் பணி, பேராசிரியர் ஒருவரின் கூடுதல் பொறுப்பாக இல்லாமல், முழுநேரப் பணியிடமாக்கப்பட வேண்டும்.

5. தொழில் பழகுநர் சட்டம், 1961 பொறியியல் சாராத பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளதால், உதவித்தொகையுடன் பணியிடத்திலேயே தொழில் கற்கும் அவ்வாய்ப்பு ஐந்தாம் பருவத்திலேயே மாணவர்களுக்கு விளக்கப்பட வேண்டும்.

மாதிரி நேர்காணல்களை ஊதியமின்றி நடத்தித்தர முன்னாள் மாணவர்கள் ஆயத்தமாக உள்ளனர். வரும் கல்வியாண்டின் கால அட்டவணை வகுக்கப்படும் முன்னரே உரிய அரசாணை பிறப்பித்து உதவுமாறு இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்