மிஞ்சியதா, மிஞ்ச வைத்ததா?



கொடுப்பதற்கு நல்ல மனம் வேண்டும் என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். வாங்கிக்கொள்வதற்கு அதைவிடப் பெரிய மனவலிமை வேண்டும் என்பதை ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. அடுப்பு எரியாத வீட்டிலிருந்தும், உதவிக்கு நீண்ட கையைக் கண்டதும், "வேண்டாம், எங்களுக்கு இருக்கிறது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். அது செருக்கு அன்று. அவர்களிடம் எஞ்சியிருக்கும் ஒரே சொத்தாகிய தன்மானம். அதற்கு ஊறு நேராமல் கொடுப்பது எப்படி? இக்கேள்விக்கு எனக்கு விடை கிடைத்த இடம் இங்கிலாந்து நாட்டின் ஒரு காய்கறித் தோட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன், அந்நாட்டுச் சிறு நகரம் ஒன்றில், ஓய்வெடுக்கச் சென்றிருந்த பங்குத்தந்தைக்குப் பதிலாகச் செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரு மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அது இலையுதிர்காலம். குருமனையின் பின்வாயிலைத் திறந்தால் ஒரு பரந்த நிலம். அது சிறு சிறு தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் மரப்பலகையால் ஆன ஒரு கொட்டகை. அதன் வாயிலில் ஒரு பழைய நாற்காலி. 'அலாட்மென்ட்' என்று அவர்கள் அழைக்கும் இதனைப் பங்கீட்டுத் தோட்டம் என்று நாம் சொல்லலாம்.

வீட்டோடு நிலம் இல்லாத மக்களுக்கு உள்ளாட்சி மன்றம் சிறு வாடகைக்கு விடும் நிலம் இது. ஒரு முழுப் பங்கு நம் கணக்கில் ஆறேகால் சென்ட். ஏழைத் தொழிலாளர் தம் உணவில் ஒரு பகுதியையாவது தாமே விளைவித்துக்கொள்ளட்டும் என்று 19 ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஏற்பாடு. போதிய மக்கள் கேட்டால் நிலம் தேடித் தருவதை 1908 ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்களின் கடமையாக்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, கடல் வழியே உணவு வருவது அரிதாகிவிட்ட நாள்களில், இத்தோட்டங்கள் ஏறத்தாழ 14 இலட்சமாகப் பெருகின. இன்று அவற்றில் நான்கில் ஒரு பங்கு அளவே எஞ்சியுள்ளன. ஒரு துண்டு நிலத்திற்காகப் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மாலை வேளைகளில் அங்கே சென்று நிற்பது எனக்கு வழக்கமாயிற்று. மண்வெட்டியின் மேல் கையூன்றியபடி அவர்கள் பேசும் பேச்சுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. "இன்று இரவு உறைபனி விழுமா?" என்பார் ஒருவர். "விழாமல் இருக்கட்டும், என் பீன்ஸ் கொடியில் இன்னும் காய் இருக்கிறது" என்பார் அடுத்தவர். "உங்கள் முழங்கால் வலி எப்படி?" என்று ஓர் அம்மையார் கேட்பார். "உருளைக்கிழங்கைத் தோண்டி முடிக்கும்வரை பொறுத்திருக்கும்படி அதனிடம் சொல்லியிருக்கிறேன்" என்று மறுமொழி வரும். மகளின் திருமணம், மருத்துவமனையில் இருக்கும் நண்பர், பழுக்க மறுக்கும் தக்காளி ஆகிய யாவும் ஒரே மூச்சில் பேசப்படும்.

அந்தப் பருவத்தில் அவர்கள் எல்லாருக்கும் ஒரே தொல்லை. விளைந்தது மிஞ்சிப்போகும். ஒருவர் தோட்டத்தில் மிஞ்சுவதே மற்றவர் தோட்டத்திலும் மிஞ்சும். அதிலும் நம் நகரக் கடைகளில் சுக்கினி என்று விற்கும் காய் இருக்கிறதே, அதனை ஒரு சாண் நீளத்தில் பறிக்காமல் சில நாள் மறந்துவிட்டால், கை நீளத்திற்குப் பருத்துவிடும். பிறகு அதனை விரும்புவார் குறைவு. "கொட்டகையைப் பூட்டாமல் போகக்கூடாது, ஃபாதர். திரும்பி வரும்போது நம் நாற்காலியில் மூன்று காய்கள் உட்கார்ந்திருக்கும்" என்று ஒருவர் என்னை எச்சரித்தார்.

விற்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இத்தோட்டங்களின் விளைச்சல் பெரும்பாலும் பயிரிடுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் உண்பதற்கே என்று 1922 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது, வாணிகத்திற்கு அன்று. ஆகவே மிஞ்சியதற்கு இரண்டே வழிகள். ஒன்று, பக்குவப்படுத்தி வைப்பது. ஆப்பிளைத் தனித்தனியே தாளில் சுற்றிக் குளிர்ந்த அறையில் அடுக்குவார்கள். பழுக்காத தக்காளியைச் சர்க்கரையும் வினிகரும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சிச் சட்னியாக்குவார்கள். அந்தப் பெயர் நம் நாட்டிலிருந்து சென்றது, சுவைதான் வேறு! மற்றொரு வழி, யாருக்காவது கொடுப்பது. அங்கேதான் நான் சொல்ல வந்த நிகழ்ச்சி தொடங்குகிறது.

அந்நாட்டுக் கோவில்களில் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ அறுவடை நன்றி விழா கொண்டாடுவர். கார்ன்வால் பகுதியின் மோர்வென்ஸ்டோ என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாக இருந்த இராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்பவர் 1843 இல் நடத்திய விழாவிலிருந்து இது இன்றைய வடிவில் பரவிற்று என்பர். இந்நாளில் காய்கனிகளோடு தகரப் புட்டி உணவுகளும் பீடத்தின் முன் குவிகின்றன. பின்னர் அவை உணவு வங்கிகளுக்குச் செல்கின்றன. நாங்களும் பல பெட்டிகளை நிரப்பினோம். நல்ல பணி. ஆயினும் உணவு வங்கிகள் பலவற்றில் உணவு பெற ஒருவரது பரிந்துரைச் சீட்டு வேண்டும். சீட்டுக் கேட்டுப் போவது சிலருக்குத் தாண்ட முடியாத சுவர்.

எங்கள் கோவிலுக்கு இரு சிறுவர்களோடு வரும் ஓர் இளந்தாய் இருந்தார். கணவர் பிரிந்து சென்றுவிட்டார். வேலையும் குறைந்துவிட்டது என்று பிறர் சொல்லக் கேட்டேன். பெட்டி ஒன்றை வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று நான் கேட்டபோது, அவர் முகம் சிவந்தது. "எங்களைவிடத் தேவையானவர்களுக்குக் கொடுங்கள், ஃபாதர்" என்றார். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு அவர் வரவில்லை. நல்லது செய்ய எண்ணி, நான்தான் அவரைக் கோவிலுக்கே வராமல் செய்துவிட்டேனோ என்று அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை.

இரண்டு நாள் கழித்து, பள்ளி விட்ட நேரம். அவர் பிள்ளைகளோடு தோட்ட வாயில் வழியே சென்றார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வேலிக்கு உள்ளிருந்து அழைத்தார். "அம்மா, எனக்கு ஓர் உதவி செய்வீர்களா? இனி ஒரு காய்கூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் மனைவி உத்தரவு போட்டுவிட்டாள். குழியில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். பையைத் திறந்து பிடித்தார். சுக்கினி, பீன்ஸ், ஆப்பிள், பிறகு ஒரு வாரத்திற்குப் போதுமான உருளைக்கிழங்கு. "இவ்வளவு எதற்கு?" என்றார் அவர். "எல்லாம் மண்வெட்டி பட்டவை, வைத்திருந்தால் அழுகிவிடும்" என்றார் முதியவர்.

நான் அருகில்தான் நின்றேன். அந்தப் பைக்குள் சென்ற கிழங்குகளில் ஒன்றுகூட வெட்டுப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. வெட்டுப்பட்டவை முதியவரின் சொந்தச் சாக்கில் கிடந்தன.

அடுத்த வாரம் அந்தத் தாய் வீட்டில் செய்த ஆப்பிள் கேக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். முதியவர் மறுக்கவில்லை. நின்றபடியே இரண்டு துண்டு தின்று, "கடனாளியாக்கிவிட்டீர்களே!" என்றார். அந்த ஞாயிறு அவர் பிள்ளைகளோடு திருப்பலிக்கு வந்தார்.

பின்னொரு நாள் முதியவரிடம் கேட்டேன்: "வீட்டில் நீங்கள் இருவர்தாம். எதற்காக இவ்வளவு பயிரிடுகிறீர்கள்?" அவர் புகைக்குழாயைத் துடைத்தபடி சொன்னார்: "எங்களுக்கு இரண்டு சுக்கினிச் செடி போதும். ஆறு வைக்கிறேன். கணக்கில் நான் என்றுமே மட்டம், ஃபாதர்." முப்பது ஆண்டுகளாகத் தவறாமல் வரும் கணக்குப் பிழை!

அப்போது எனக்கு ரூத்தின் வரலாறு நினைவுக்கு வந்தது. வயலின் ஓரங்களை முற்றிலும் அறுத்துவிடாமல், சிந்திய கதிர்களைப் பொறுக்காமல், ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது பழைய சட்டம். போவாசு அதனோடு நிற்கவில்லை. அரிக்கட்டுகளிலிருந்தே சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படியும், பொறுக்கும் பெண்ணைக் கடிந்துகொள்ளாதபடியும் தம் ஆள்களுக்குக் கட்டளையிட்டார். ரூத்து பிச்சை ஏற்கவில்லை. தானே குனிந்து பொறுக்கினாள். மிஞ்சியதை அவர் கொடுக்கவில்லை; அவளுக்காக மிஞ்ச வைத்தார்.

இக்காலத்திலும் இதனை ஓர் இயக்கமாகச் செய்து காட்டியவர்கள் உண்டு. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் செய்தித்தாளில் தோட்டக்கலைப் பகுதி எழுதிவந்த ஜெஃப் லோவன்ஃபெல்ஸ், பசித்தோருக்கு உணவளிக்கும் ஓர் இல்லத்திற்காக ஒரு வரிசை காய்கறி கூடுதலாக நடும்படி தம் வாசகர்களை வேண்டினார். 1995 முதல் அமெரிக்கத் தோட்ட எழுத்தாளர் சங்கம் அவ்வேண்டுகோளை நாடெங்கும் கொண்டுசென்றது. அறுவடைக்குப் பின் எஞ்சியதைத் தேடாமல், விதைக்கும்போதே பிறரை நினைப்பது அதன் கருத்து.

அன்பர்களே, மிஞ்சியதைக் கொடுப்பது நன்று; ஆனால் அது நம் வசதி. மிஞ்ச வைத்துக் கொடுப்பது அன்பு. என் அன்னை உயிரோடிருந்த நாள்களில், "குழம்பு கூடிப்போயிற்று, வீணாகிவிடும், கொஞ்சம் வாங்கிக்கொள்ளேன்" என்று அண்டை வீட்டுக் கைம்பெண்ணிடம் வாரம் இருமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அளவு தெரியாமல் சமைக்கிறாரே என்று சிறுவனாகிய நான் எண்ணியதுண்டு. அந்த அளவு எனக்குப் புரிய அறுபதை நெருங்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டு உலையில் இன்று யாருக்காக ஒரு பிடி கூடப் போடுகிறீர்கள்?

நான் விடைபெற்ற நாளில் அந்த முதியவர் பூண்டுப் பற்களை நட்டுக்கொண்டிருந்தார். இலையுதிர்காலத்தில் நட்டால் அடுத்த கோடையில்தான் அது விளையும். மூன்று வரிசை முடிந்திருந்தது. கையில் மிகுந்திருந்த பற்களைப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நான்காவது வரிசைக்குக் கயிறு கட்டத் தொடங்கினார்.