பசலி 1435: வயலுக்கென்று ஓர் ஆண்டு

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் ஜமாபந்தி நடந்தால், கிராமக் கணக்குகளில் பசலி என்று ஓர் எண் இருக்கும். 2025 ஜூலை 1-ல் பிறந்தது பசலி 1435. பட்டாவுக்கு மனு கொடுக்கப் போகும் பலருக்கு அது ஏதோ ஆபீஸ் நம்பர். உண்மையில் இஸ்லாமிய உலகம் காலத்தைப் பற்றி யோசித்ததன் மிச்சம் அது.

ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவது. சுமார் 354 நாட்கள்தான். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. கூடுதல் மாதம் சேர்த்து இதைச் சரிக்கட்டுவதைக் குர்ஆன் தடுக்கிறது. நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் இதனால் குறையில்லை. ஆனால் நெல் நிலவைப் பார்த்து விளையாதே! ஹிஜ்ரி கணக்கில் வரி கேட்டால் ஏறக்குறைய 32 வருட விளைச்சலுக்கு 33 வருட வரி. விவசாயி எங்கே போவான்?

பாக்தாத் கலீபாக்களுக்கும் இதே போன்ற சிக்கல் வந்தது. அங்கே வரி நாள் பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ். லீப் திருத்தம் விடுபட்டதால் அது முன்னே நகர்ந்து, பயிர் பச்சையாக நிற்கும்போதே வரி கேட்கும் நிலை. 895-ல் கலீபா முஃததித் அதை ஜூன் 11-க்குத் தள்ளி வைத்தார். இதைப் பதிவு செய்த அல்பிரூனி, கி.பி. 1000 வாக்கில் பாரசீகர், யூதர், கிறிஸ்தவர் எனப் பல மக்களின் ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார்.

வடக்கே அக்பர் தொடங்கிய பசலியை 1636-ல் தக்காணத்துக்குக் கொண்டுவந்தவர் ஷாஜகான். அரபியில் ஃபஸ்ல் என்றால் பருவம். அன்றைய ஹிஜ்ரி எண்ணான 1046-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சூரியனை வைத்து எண்ணினார்கள். இரண்டும் ஒரே எண்ணில் கிளம்பியவை. 2025 ஜூலையில் ஹிஜ்ரி 1447, பசலி 1435. கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கும் 12, விளையாத விளைச்சலுக்குக் கேட்காமல் விட்ட 12 வருட வரி!

மதம் சார்ந்த காலக்கணக்கு இறுகிப்போனது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வணக்கத்தின் ஆண்டில் கை வைக்காமலே வயலுக்கென்று இன்னோர் ஆண்டை உண்டாக்கியிருக்கிறார்கள்.

நம் பாடங்களிலோ ஷாஜகான் என்றால் தாஜ்மகால், நிதியாண்டு என்றால் ஏப்ரல் 1. ஊர் நிலமெல்லாம் எந்த ஆண்டில் எழுதப்படுகிறது என்பதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கக் கூடாதா? பழைய எண் என்று சொல்லி ஒருநாள் பசலியை நீக்கினாலும் நீக்கலாம். எதை நீக்குகிறோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.